வயதான ஆண்களின் பொம்மையா?

மதிப்புக்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற இதழில் வந்த வீட்டு ஸ்டீரியோ கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். முதல் தடவை ஆசையோடு. இரண்டாவது தடவை, கடைசிப் பத்தியை நான்தான் தப்பாகப் படித்துவிட்டேனோ என்ற சந்தேகத்தில். சரியாகத்தான் படித்திருக்கிறேன். “ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் மாற்றிக்கொண்டே இருப்பது வயதான ஆண்களின் பொம்மை விளையாட்டு” என்றுதான் அச்சாகியிருக்கிறது. உள்ளங்கை அளவு புளூடூத் ஸ்பீக்கர் போதாதா என்று ஒரு கேள்வி வேறு.

எனக்கு வயது 63. நான் ஒரு பெண். பதினேழு வயதில் பிடித்த இந்தப் பழக்கத்தை இன்றுவரை விடவில்லை.

அப்போது வீட்டில் ஒரு டேப் ரெக்கார்டர் இருந்தது. எந்தக் கேசட்டைப் போட்டாலும் போர்வைக்குள்ளிருந்து பாடுவது போலக் கேட்கும். கேசட்தான் மோசம் என்று எல்லோரும் சொன்னார்கள். டேப்பைப் படிக்கும் ஹெட்டுக்குப் பக்கத்தில் இருக்கும் சின்ன ஸ்க்ரூவை எனக்குக் காட்டிக் கொடுத்தவர் என் மாமா. பாட்டு ஓடும்போதே, மூச்சைப் பிடித்துக்கொண்டு, ஸ்க்ரூடிரைவரை ஒரு நூலளவு திருப்பினேன். ஜால்ரா சத்தம் பளிச்சென்று வெளியே வந்தது! டேப்புக்குச் செங்குத்தாக நிற்க வேண்டிய ஹெட் துளி சாய்ந்தாலும் மேல் சுருதிகள் போய்விடும் என்று பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். அதுநாள்வரை அந்த ஜால்ரா கேசட்டுக்குள்தான் இருந்திருக்கிறது, எங்களுக்குக் கேட்கவில்லை. அன்று முதல் நான் மாற்றிய ஒவ்வொரு சாமானும் இப்படி ஏற்கெனவே உள்ளே இருப்பதைக் கேட்பதற்காகத்தான்.

பிறகு ஆம்ப்ளிஃபயர் வாங்கக் கடைக்குப் போனேன். “சாரைக் கூட்டிட்டு வாங்கம்மா, விவரமாச் சொல்றேன்” என்றார் விற்பனையாளர். எனக்கு விவரம் புரியாது என்று அவரே முடிவு செய்துவிட்டார். அவர் சொன்ன விவரமாவது சரியா? இரண்டு மடங்கு வாட்ஸ் என்றால் இரண்டு மடங்கு சத்தமாம். வாட்ஸ் இரட்டித்தால் சத்தத்தின் அளவு 3 டெசிபல்தான் கூடும். காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தெரிய ஏறக்குறைய பத்து மடங்கு வாட்ஸ் வேண்டும். ஒரே வாட்ஸுக்கு 87 டெசிபல் சத்தம் தரும் ஸ்பீக்கருக்குப் பதில் 90 டெசிபல் தரும் ஸ்பீக்கரை மாட்டினால், அதே ஆம்ப்ளிஃபயரில் அந்த 3 டெசிபல் வந்துவிடும். தங்களுக்குத் தெரியாததல்ல. அப்படியிருக்க, உங்கள் கட்டுரையின் அட்டவணையிலும் வாட்ஸ் கணக்கு மட்டும்தான் இருக்கிறது. அந்தக் கடைக்காரர் மேல் இருந்த பழைய கோபமெல்லாம் அதைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டது.

இன்னொன்றும் மனதில் கிடக்கிறது. சி.டி. புதிதாக வந்த சமயத்தில், இனி இசைத்தட்டுகள் வெறும் அடைசல் என்று உங்கள் இதழ்தான் எழுதியது. அதை வரிக்கு வரி நம்பிய என் அண்ணன், அப்பாவின் இசைத்தட்டுகளில் பாதியைப் பழைய பேப்பரோடு சேர்த்துப் போட்டுவிட்டான். நான் வேலையிலிருந்து வந்து பார்த்தபோது அலமாரியின் கீழ்த்தட்டு காலியாக இருந்தது. போன வருடம் அதே இசைத்தட்டுகளை ‘புதிய மோகம்’ என்று அட்டைப்படமாகப் போட்டீர்கள். அன்றைக்கு எழுதியதைப் பற்றி அதில் ஒரு வார்த்தை இல்லை.

புளூடூத் ஸ்பீக்கர் மேல் எனக்குப் பகை இல்லை. சமையலறையில் நானும் வைத்திருக்கிறேன். ஆனால் அத்தனை சின்ன ஒரே பெட்டியிலிருந்து வரும் சத்தத்தில் எது இடப்பக்கம், எது வலப்பக்கம்? 1931-லேயே ஆலன் ப்ளம்லைன் என்ற ஆங்கிலேய இன்ஜினியர் ஸ்டீரியோவுக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்துவிட்டார். இசைத்தட்டின் ஒரே பள்ளத்தில் ஒரு சுவர் இடது காதுக்கு, மறு சுவர் வலது காதுக்கு. ஒரே ஊசி இரண்டையும் தொட்டுக்கொண்டு போகும். இதில் உள்ள அழகைச் சொல்ல நான்கு பக்கக் கட்டுரையில் ஒரு வரி கிடைக்கவில்லையே என்பதுதான் என் வருத்தம்.

வீண் செலவு என்றும் எழுதியிருக்கிறீர்கள். ஸ்பீக்கரில், பாஸ் தரும் பெரிய கூம்பான வூஃபரைச் சுற்றியிருக்கும் ஃபோம் பதினைந்து இருபது வருடத்தில் மக்கிவிடும். எனக்கும் மக்கியது. பாஸ் வரும்போதெல்லாம் ‘பர்ர்’ என்றது. முன்பக்கத் துணியைக் கழற்றி விரலால் தொட்டேன். கரிய பிசினாக ஒட்டிக்கொண்டு வந்தது. தூக்கிப் போட்டுவிட்டு வேறு வாங்கச் சொன்னார்கள், கேட்ட இடத்திலெல்லாம். நான் புது ஃபோம் வளையம் வாங்கினேன். பழைய பசையைச் சுரண்டி எடுக்கவே ஒரு நாள் முழுக்க ஆயிற்று. நடு மூடியை பிளேடால் அறுத்து எடுத்து, உள்ளே இருக்கும் கம்பிச்சுருள் எந்தப் பக்கமும் உரசாமல் நடுவில் நிற்க, இடுக்கில் காகிதப் பட்டைகளைச் செருகி, பசை காயும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். அந்த ஸ்பீக்கர் இன்றும் பாடுகிறது.

என் வீட்டில் கேட்ட மிகப் பெரிய மாற்றத்துக்குச் செலவே இல்லை. இரண்டு ஸ்பீக்கரையும் சுவரிலிருந்து இரண்டடி முன்னால் நகர்த்தினேன், அவ்வளவுதான். சுவரோடு ஒட்டி இருந்தபோது அடைத்துக்கொண்டிருந்த பாஸ் தெளிந்தது. முப்பது வருடமாகக் கேட்ட ஒரு கச்சேரிப் பதிவில், குரலுக்குப் பின்னால் தம்புரா விடாமல் ஒலித்துக்கொண்டிருப்பதை அன்றுதான் கேட்டேன். பாடகி சரணம் எடுக்குமுன் மூச்சை இழுப்பது கேட்டது. பேப்பர் படித்துக்கொண்டிருந்த என் கணவர் தலையைத் தூக்கி, “இது வேற கச்சேரியா?” என்றார். இதைத்தான் பொம்மை என்கிறீர்கள்.

அந்தச் சொல்லைத் திரும்பப் பெற வேண்டும் என்று நான் கேட்கவில்லை. கேட்பது ஒரு சின்னத் திருத்தம். கட்டுரையின் மூன்றாம் பக்கத்தில், இசைத்தட்டில் ஊசி துள்ளினால் அதைத் தாங்கும் ஆர்ம் மேல் ஒரு நாணயத்தை வைக்கலாம் என்று யோசனை சொல்லியிருக்கிறீர்கள். இன்றைய பெரும்பாலான மேக்னெட் கார்ட்ரிட்ஜுகளுக்கு, அதாவது ஊசி பொருத்திய சின்னத் தலைகளுக்கு, இரண்டு கிராம் பக்கம்தான் பாரம் இருக்க வேண்டும். நாணயமே அதைவிடக் கனம். ஊசியும் கெடும், தட்டின் பள்ளமும் தேயும். தேய்ந்த பள்ளத்தைச் சரி செய்ய வழியே இல்லை. உங்கள் இதழை நம்புகிறவர்கள் என் அண்ணனைப் போல நிறையப் பேர் இருக்கிறார்கள். ஊசியைத் துடைத்து, ஆர்மின் பாரத்தையும் ப்ளேயர் பெட்டி மட்டமாக நிற்கிறதா என்பதையும் பார்க்கச் சொல்லி அடுத்த இதழில் இரண்டு வரி போட்டால் போதும்.

இப்படிக்கு,
முப்பத்தைந்து ஆண்டு வாசகி ஒருத்தி