கோல்கீப்பருக்கு ஆட்டம் தெரியாதா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ஆட்டக்காரர்களாக இருந்து பயிற்சியாளர்களானவர்களைப் பற்றித் தங்கள் சென்ற இதழில் வெளியான கட்டுரையைப் படித்தேன். முன்கள வீரர்களுக்கும் நடுக்கள வீரர்களுக்கும் பத்தி பத்தியாக இடம் ஒதுக்கிய கட்டுரையாளர், இத்தாலியின் கோல்கீப்பராக இருந்த டினோ ஜோஃபுக்கு ஒரே ஒரு வாக்கியம்தான் ஒதுக்கியிருந்தார். பயிற்சியாளராக அவர் சோபிக்கவில்லை என்றும், கோல் கம்பங்களுக்கு நடுவிலேயே நின்று பழகியவர்களுக்கு ஆட்டத்தின் போக்கு பிடிபடுவதில்லை என்றும் எழுதியிருந்தார். தங்கள் இதழை நான் மாணவனாக இருந்த காலம் முதல் படித்துவருகிறேன். அந்த உரிமையில்தான் இதை எழுதுகிறேன்.

ஜோஃப் 1988இல் இத்தாலியக் கழகமான யுவென்டஸ் அணியின் பயிற்சியாளரானார். பதினோரு ஆண்டுகள் அவர் கோல் காத்த அணி அது; அக்காலத்தில் அந்த அணியின் லீக் ஆட்டம் ஒன்றைக்கூட அவர் தவறவிட்டதில்லை. பயிற்சியாளராக அவருக்குத் துணையாக நின்றவர், நெடுங்காலம் அவருக்கு முன்னால் நின்று கோலைக் காத்த நண்பர் கெய்ட்டானோ ஷிரேயா. 1989 செப்டம்பரில், ஐரோப்பியக் கழகங்களுக்கான யுவேஃபா கோப்பையில் எதிர்கொள்ளவிருந்த போலந்து அணியின் ஆட்டத்தைப் பார்த்துவரச் சென்ற ஷிரேயா, அங்கேயே கார் விபத்தில் உயிரிழந்தார். அந்த இழப்பைச் சுமந்துகொண்டே ஜோஃப் அந்தப் பருவத்தை நடத்தினார். 1990இல் யுவேஃபா கோப்பையும் இத்தாலியக் கோப்பையும் யுவென்டஸுக்கு வந்தன. இத்தாலியக் கோப்பையின் இறுதியில் அவர்கள் வீழ்த்தியது, அந்த ஆண்டே ஐரோப்பியக் கோப்பையையும் வென்ற மிலான் அணியை, அதுவும் மிலானின் சொந்த மைதானத்தில். அதே கோடையில் அவரை அனுப்பிவிட்டு, விறுவிறுப்பான தாக்குதல் ஆட்டம் தருவார் என்று நம்பி வேறொருவரை அமர்த்தினார்கள். அடுத்த பருவத்தில் யுவென்டஸ் ஏழாவது இடத்திற்குச் சரிந்தது. ஐரோப்பியப் போட்டிகளுக்கே தகுதி பெறவில்லை. ஒரே பருவத்தில் இரண்டு கோப்பைகளை வென்றவர் சோபிக்கவில்லை என்றால், சோபிப்பது என்பதற்குத் தங்கள் இதழ் வைத்திருக்கும் அளவுகோலை வாசகர்களுக்கும் தெரிவிக்க வேண்டுகிறேன்.

பிறகு இத்தாலியின் இன்னொரு கழகமான லாட்சியோ அணியை ஏற்றுச் சில ஆண்டுகளில் அதை மீண்டும் ஐரோப்பியப் போட்டிகளுக்கு அழைத்துச் சென்றதையும், அதே கழகத்தின் தலைவராக உயர்ந்ததையும் கட்டுரையாளர் விட்டுவிட்டார். அதையாவது இடப்பற்றாக்குறை என்று எடுத்துக்கொள்ளலாம். ஆனால் இத்தாலியத் தேசிய அணியின் பயிற்சியாளராக அவர் பங்கேற்ற யூரோ 2000 என்ற ஐரோப்பிய நாடுகளின் போட்டியை அப்படி விட்டுவிட முடியாது. போட்டிக்குச் சில நாட்களுக்கு முன்பு கோல்கீப்பர் பூஃபோன் கையை முறித்துக்கொள்ள, ஜோஃப் அவருக்குப் பதிலாக டோல்டோவை இறக்கினார். ஆம்ஸ்டர்டாமில் நெதர்லாந்துடன் நடந்த அரையிறுதியில் 34ஆம் நிமிடத்திலேயே இத்தாலியின் ஸாம்ப்ரோட்டா வெளியேற்றப்பட்டார். மீதி ஆட்டம் முழுவதையும், கூடுதல் நேரத்தையும் சேர்த்து, பத்துப் பேரை வைத்துக்கொண்டு இத்தாலி ஒரு கோலும் விடாமல் முடித்தது. ஆட்ட நேரத்தில் நெதர்லாந்துக்குக் கிடைத்த பெனால்டிகள் இரண்டு: ஒன்றை டோல்டோ தடுத்தார், மற்றொன்று கம்பத்தில் பட்டுத் திரும்பியது. இறுதியில் பெனால்டி ஷூட் அவுட்டில் இத்தாலி வென்றது. பத்துப் பேரை எங்கெங்கே நிறுத்த வேண்டும், எந்த இடைவெளியை அடைக்க வேண்டும், எதை விட்டுக்கொடுக்கலாம் என்பதெல்லாம் ஆட்டத்தின் போக்கு பிடிபடாத ஒருவருக்கு எப்படித் தெரிந்தது என்பதைக் கட்டுரையாளர்தான் விளக்க வேண்டும்.

ராட்டர்டாமில் பிரான்ஸுடன் நடந்த இறுதி ஆட்டம் தங்களுக்குத் தெரியாததல்ல. டெல்வெக்கியோ அடித்த கோலால் இத்தாலி முன்னிலையில் இருந்தது. டெல் பியரோ இரண்டு நல்ல வாய்ப்புகளை வீணாக்கினார். கோப்பைக்குச் சில விநாடிகளே இருந்தபோது, கூடுதலாகத் தரப்பட்ட நேரத்தில் வில்டோர் சமன் செய்தார். பின்னர் ட்ரெசெகேயின் கோல்டன் கோலில், அதாவது கூடுதல் நேரத்தில் விழுந்ததும் ஆட்டத்தையே முடித்துவைக்கும் கோலில், பிரான்ஸ் வென்றது. மிலான் அணியின் உரிமையாளரும் அப்போதைய எதிர்க்கட்சித் தலைவருமான பெர்லுஸ்கோனி, பிரான்ஸின் ஸிடானுக்குக் காவல் போடத் தெரியாத பயிற்சியாளர் என்ற பொருளில் பகிரங்கமாகப் பழித்தார். இறுதி ஆட்டம் முடிந்த இரண்டாம் நாள், ஜூலை 4 அன்று, தன்மானத்தை விட்டுக்கொடுக்க மனமில்லாமல் ஜோஃப் பதவியைத் துறந்தார். தங்கள் கட்டுரையாளர் எழுதிய வாக்கியமும் பெர்லுஸ்கோனி அன்று பேசியதும் ஒரே குரலில் ஒலிப்பதுதான் என்னை மிகவும் வருத்துகிறது.

ஆசிரியர் அவர்களே, கோல்கீப்பரைக் கடைசியாக விழுந்த கோலை வைத்தே மதிப்பிடும் வழக்கம் தங்கள் இதழுக்குப் புதிதல்ல. 1978 உலகக் கோப்பையில் நெதர்லாந்தின் ஆரி ஹான் வெகுதொலைவிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனதும், ஜோஃபுக்கு வயதாகிவிட்டது, கண் தெரியவில்லை என்று இத்தாலியப் பத்திரிகைகள் எழுதின. நான்கு ஆண்டுகள் கழித்து, தமது 40ஆம் வயதில், அணித்தலைவராக அவர் உலகக் கோப்பையைக் கையில் ஏந்தினார். அந்தப் போட்டியில் பிரேசிலுக்கு எதிரான ஆட்டத்தைத் தாங்கள் பல முறை நினைவுகூர்ந்து எழுதியிருக்கிறீர்கள். இத்தாலியின் ரோஸி அடித்த மூன்று கோல்களும் எப்படி விழுந்தன என்பது எனக்கு மனப்பாடமாகிவிட்டது. ஆனால் ஆட்டம் முடியும் தறுவாயில் பிரேசிலின் ஆஸ்கர் தலையால் முட்டிய பந்தை ஜோஃப் கோட்டின் மேலேயே அமுக்கிப் பிடித்ததைத் தங்கள் பக்கங்களில் நான் ஒரு முறைகூடப் படித்ததில்லை. அந்தப் பந்து உள்ளே போயிருந்தால் ஆட்டம் மூன்றுக்கு மூன்று; சமநிலையே பிரேசிலுக்குப் போதுமானதாக இருந்தது.

இவ்வளவு மனத்தாங்கல் எதற்கு என்று தாங்கள் நினைக்கலாம். நான் பஞ்சாலை அணி ஒன்றுக்குப் பல ஆண்டுகள் கோல் காத்தவன். கார்னர் எடுக்கும்போது முதல் கம்பத்தில் யார் நிற்க வேண்டும், பெனால்டி கட்டத்தின் விளிம்பில் எவன் ஆளில்லாமல் நிற்கிறான் என்று கத்திக் கத்தி என் தொண்டை கட்டிப்போகும். இரண்டாம் பாதியில் எங்கள் இடதுபுறத் தடுப்பாட்டக்காரர் இடுப்பில் கைவைத்து நிற்கத் தொடங்கினால், அடுத்த பந்து அந்தப் பக்கம்தான் வரும் என்பது எனக்கு முன்கூட்டியே தெரியும். வெளியே அமர்ந்திருந்தவர்களுக்குக் கோல் விழுந்த பிறகுதான் தெரியும். மற்ற இருபத்தொரு பேரையும் எதிரே வைத்து, ஆட்டம் முழுவதையும் பார்த்துக்கொண்டிருப்பவர் மைதானத்தில் கோல்கீப்பர் ஒருவர்தான். பிற்பாடு இளையோர் அணி ஒன்றுக்குப் பயிற்சியாளராக விண்ணப்பித்தபோது, தேர்வுக் குழுவில் இருந்த ஒருவர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கூடப் பார்க்காமல், "கோல்கீப்பர்களுக்கு மட்டும் வேண்டுமானால் சொல்லிக்கொடுங்கள்" என்றார். தங்கள் கட்டுரையாளரின் வாக்கியத்தைப் படித்தபோது அதே குரலை மறுபடியும் கேட்டேன். இத்தகைய குழுக்களில் இருப்பவர்களும் தங்கள் இதழைப் படிக்கிறார்கள். அச்சில் வந்துவிட்டது என்பதே அவர்களுக்குச் சான்றாகிவிடுகிறது.

ரேமோன் கோதால்ஸ் கோல்கீப்பராக இருந்தவர். 1993இல் மார்செய் அணிக்கு ஐரோப்பியக் கோப்பையை வென்று தந்தார். ஹூலென் லோபெடேகியும் கோல்கீப்பர்தான். 2020இல் செவியா அணியுடன் யூரோப்பா லீகை வென்றார். ஒரு தொழில் முழுவதையும் ஒரே வாக்கியத்தில் ஒதுக்குவதற்கு முன் இந்தப் பெயர்களையாவது தேடிப் பார்த்திருக்கலாம்.

அடுத்த இதழில், ஜோஃப் பயிற்சியாளராக 1990இல் வென்ற இரண்டு கோப்பைகளையும் யூரோ 2000 இறுதிவரை இத்தாலியை அழைத்துச் சென்றதையும் குறிப்பிட்டு ஒரு திருத்தம் வெளியிட வேண்டுகிறேன். கூடவே, மாவட்டப் போட்டி முடிவுகளை வெளியிடும்போது, கோல் அடித்தவர்களின் பெயர்களோடு இரு அணிக் கோல்கீப்பர்களின் பெயர்களையும் அச்சிட்டால் மகிழ்வேன். அதற்கு இரண்டு வரிக்கு மேல் இடம் பிடிக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
கோயம்புத்தூர்.