அந்தமான் ரங்கத்துக்கு வரும் வழி பற்றி

திருவொற்றியூர்,
பங்குனி மாதம்.

அன்பு மகள் வடிவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கு நாங்கள் நலம். நீயும் தியாகுவும் மாப்பிள்ளையும் நலமாக இருக்க வடிவுடையம்மனை வேண்டுகிறோம்.

நாங்கள் புறப்பட்டு வருகிறோம் என்று தொலைபேசியில் சொன்னவுடன், வழி மிகவும் கடினம், அம்மாவுக்கு ஒத்துக்கொள்ளாது, பிறகு நானே வருகிறேன் என்று சொல்லிவிட்டாய். எந்த இடத்தில் கடினம் என்று நான் கேட்பதற்குள் பேச்சு நின்றுபோனது. சிக்னல் இல்லை என்று பின்னர் செய்தி அனுப்பியிருந்தாய். சென்னையிலிருந்து அந்தமானுக்குக் கடலுக்கடியில் ஏறக்குறைய 2,300 கி.மீ. நீளத்துக்குக் கம்பிவடம் போட்டு 2020 ஆகஸ்டில் திறந்துவைத்தார்கள். அதில் ஒரு கிளை ரங்கத்துக்கும் வருகிறது என்று அப்போது நீயே பெருமையாகச் சொன்னாய். இருந்தாலும் சிக்னல் இல்லாமல் போவதும் உண்டுதான். அதனால் கடிதமாக எழுதுகிறேன்.

துறைமுகத்திலிருந்து ஒரு சரக்கை வெளியே கொண்டுவர எத்தனை வாசல், எத்தனை கையெழுத்து என்று கணக்குப் பார்த்தே சம்பளம் வாங்கியவன் நான். இந்த வழியையும் கட்டம் கட்டமாக விசாரித்து வைத்திருக்கிறேன். படித்துப் பார்த்து, எது தவறு என்று நீ சொல்ல வேண்டும்.

முதலில் வீட்டிலிருந்து மீனம்பாக்கம் வரை. நீ வேலையில் சேரப் புறப்பட்ட அன்று எண்ணூர் நெடுஞ்சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே சிக்கி, விமானம் போய்விடுமோ என்று உன் அம்மா அழுத அழுகை நினைவிருக்கும். இப்போது அந்தக் கவலை இல்லை. 2021 பிப்ரவரி முதல் மெட்ரோ விம்கோ நகர் வரை ஓடுகிறது. தேரடி நிலையத்தில் ஏறினால் எங்கும் மாறாமல் விமான நிலையத்திலேயே இறங்கிவிடலாம், மின்தூக்கியும் உண்டு. முதல் வண்டி விடியற்காலை ஐந்து மணிக்குத்தான் என்பதால், எட்டு மணிக்குப் பிறகு புறப்படும் விமானமாகப் பார்க்கிறேன். ஆகவே இந்தக் கட்டத்தில் கடினம் எதுவும் இல்லை.

அடுத்து, கப்பலா விமானமா என்ற கேள்வி. என் மனம் கப்பலைத்தான் நாடுகிறது என்பது உனக்குத் தெரியும். நான்கௌரி, ஸ்வராஜ் தீப் என்று கப்பல் பெயர்களைக் காகிதத்தில் எழுதியே என் காலம் போனது. ஆனால் கடல் வழி சுமார் 1,190 கி.மீ.; இரண்டரை நாளுக்குக் குறையாது, மூன்று நாளும் ஆகும். மாதத்தில் சில பயணங்களே உண்டு, அறிவித்த தேதியும் மாறக்கூடியது. பங்க் வகுப்பில் மேல் படுக்கை கிடைத்துவிட்டால் உன் அம்மாவின் முழங்கால் ஏறாது. விமானமோ இரண்டு மணி நேரத்துக்குச் சற்று அதிகம், அவ்வளவுதான். போகும்போது விமானத்தில் போய்விடுவோம் என்று முடிவு செய்துவிட்டேன். திரும்புவது பற்றிக் கீழே தனியாக எழுதியிருக்கிறேன். அதைக் கவனமாகப் படி.

விமானத்தில் ஆளுக்குப் பதினைந்து கிலோ பதிவுச் சாமான், ஏழு கிலோ கைப்பை. உன் அம்மா ஒரு மாதமாகச் சேர்த்து வைத்திருப்பது அதைத் தாண்டிவிட்டது. மிளகாய் சேர்ந்த ஊறுகாயைக் கைப்பையில் விடமாட்டார்கள், பதிவுச் சாமானில்தான் வைக்க வேண்டும் என்று சொல்லிவிட்டேன். காசிமேட்டில் வாங்கிய நெத்திலிக் கருவாட்டையும் வஞ்சிரக் கருவாட்டையும் மூன்று உறையில் கட்டியிருக்கிறாள். சுற்றிலும் கடல் உள்ள ஊருக்குக் கருவாடு எதற்கு என்று கேட்டால், அங்கே கிடைப்பது வேறு, நீ தின்று வளர்ந்தது வேறு என்கிறாள். நீ இளைத்துவிட்டாய் என்பது அவள் கட்சி. தியாகு அனுப்பிய படத்தைப் பார்த்து அப்படிச் சொல்கிறாள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. வெளிச்சம் சரியில்லை என்று அவளிடம் சொல்லி வைத்தேன்.

இனி போர்ட் பிளேர். 2024இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றியும் எனக்கு வாயில் வருவதில்லை. முற்பகலில் இறங்கினாலும் அன்றைக்கே ரங்கத் புறப்படுவது சரிப்படாது என்று நினைக்கிறேன். கடிகாரம் நம்முடையதாக இருந்தாலும் சூரியன் அங்கே முந்திக்கொள்கிறான், மாலை ஐந்தரைக்கெல்லாம் இருட்டிவிடுகிறது. இருட்டில் உன் அம்மாவை அழைத்துக்கொண்டு அறியாத ஊரில் இறங்க எனக்குத் தைரியம் இல்லை. ஆகவே ஓர் இரவு போர்ட் பிளேரில் தங்கித்தான் ஆக வேண்டும். மாப்பிள்ளையின் குவார்ட்டர்ஸ் இருக்கும்போது வேறு யோசனை எதற்கு என்கிறாள் உன் அம்மா. விமான நிலையத்துக்கு அவரே வந்து அழைத்துப் போவார், மறுநாள் வெற்றிமலை முருகனைப் பார்த்துவிட்டுப் புறப்படலாம் என்று அவளாகவே திட்டம் போட்டுவிட்டாள். நான் மறுக்கவில்லை. மாப்பிள்ளையைத் தொலைபேசியில் அழைத்துப் பார்த்தேன், எடுக்கவில்லை. அலுவலக வேலை மிகுதியாக இருக்கும். திரும்ப அழைப்பார் என்று இருந்துவிட்டேன்.

அங்கே தங்குவதா, அபெர்தீன் பஜார் பக்கம் லாட்ஜில் அறை எடுப்பதா என்பதை நீதான் சொல்ல வேண்டும். அறை எடுப்பதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதிகாலை பேருந்து பிடிக்க வசதியாக இருக்கும் என்று உன் அம்மாவிடம் சொல்லிக்கொள்கிறேன். லாட்ஜ் என்று நீ ஒரு வார்த்தை எழுதினால் போதும், ஏன் என்று யாரும் கேட்கமாட்டோம்.

இப்போது நீ கடினம் என்று சொன்ன சாலைக்கு வருகிறேன். ரங்கத் சுமார் 170 கி.மீ. மோகன்பூரா பேருந்து நிலையத்திலிருந்து விடியுமுன் அரசுப் பேருந்து புறப்படுகிறது. ஜிர்காதாங் சோதனைச் சாவடியில் வண்டிகளை நிறுத்தி, அடையாள அட்டையைப் பார்த்து, காலை ஆறு மணிக்கு முதல் அணியாகக் காவலோடு அனுப்புகிறார்கள். அதைத் தவறவிட்டால் அடுத்த அணிக்கு மணிக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கடைசி அணியும் போய்விட்டால் மறுநாள்தான். அங்கிருந்து மிடில் ஸ்ட்ரெய்ட் படகுத்துறை வரை ஏறக்குறைய 50 கி.மீ. ஜாரவா பழங்குடி மக்களின் காப்புக்காடு. நடுவில் இறங்கக் கூடாது, படம் எடுக்கக் கூடாது, அவர்களுக்கு எதையும் கொடுக்கக் கூடாது. அந்தச் சாலையையே மூட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2002இல் சொன்னது. இன்னும் ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. அவர்கள் வீட்டுக்குள் நாம் புகுந்து போகிறோம், இந்தக் கட்டுப்பாடாவது இருக்கட்டும் என்பது என் எண்ணம்.

இதில் ஒரே சிக்கல் உன் அம்மாவின் சர்க்கரை. அந்த ஐம்பது கிலோமீட்டரில் வண்டி நிற்காது. முதல் நாள் இரவிலிருந்தே தண்ணீரைக் குறைத்துக்கொள்கிறேன் என்கிறாள், அது தவறு என்கிறேன். நீ நர்ஸ், நீ சொன்னால் கேட்பாள். ஜிர்காதாங்கில் காத்திருக்கும் நேரத்தில் கழிப்பறைக்குப் போய்வந்துவிட்டால் சமாளிக்கலாம் என்று நினைக்கிறேன். அங்கே வசதி எப்படி என்று எழுது.

மிடில் ஸ்ட்ரெய்ட்டில் பேருந்து, லாரி, கார் எல்லாவற்றையும் வாகனப் படகில் ஏற்றி எதிர்க்கரையில் நீலம்பூர் துறையில் இறக்குகிறார்கள். பயணிகள் இறங்கி நடந்து ஏற வேண்டும் என்பதால், இரும்புப் பலகையில் ஈரம் இருந்தால் உன் அம்மாவின் கையை நான் பிடித்துக்கொள்வேன். சுண்ணாம்புக் குகை பார்க்க வரும் சுற்றுலாக்காரர்கள் அந்தக் கரையான பாராதாங் தீவோடு திரும்பிவிடுவதால் அதற்குமேல் கூட்டம் இருக்காது. முன்பு காந்தி காட் துறையில் இன்னொரு படகு ஏற வேண்டியிருந்தது, இப்போது அங்கே பாலம் வந்துவிட்டது. பிறகு கதம்தலா, அதன் பிறகு ரங்கத். மதியச் சாப்பாட்டு நேரத்துக்கு உன் வீட்டு வாசலில் இருப்போம். ஒரு படகு, ஒரு பேருந்து. இதில் கடினம் எங்கே இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை, வடிவு.

சாலை வேண்டாம் என்று நீ இன்னமும் சொன்னால் வேறு வழியும் வைத்திருக்கிறேன். ஃபீனிக்ஸ் பே துறையிலிருந்து ரங்கத்துக்கு அரசுப் படகு வரும் நாட்கள் உண்டு. வேகப் படகு நடத்தும் தனியார்கள் ஸ்வராஜ் தீவுக்கும் ஷாகித் தீவுக்கும்தான் போகிறார்கள், அவர்களால் நமக்குப் பயன் இல்லை. அரசுப் படகில் தீவுவாசிகளுக்கு முன்னுரிமை என்பதால் சீட்டு நீ எடுத்தால்தான் நிச்சயம். படகில் கழிப்பறை இருக்கிறது, அது ஒரு வசதி. ஹெலிகாப்டர் பற்றி உன் அம்மா கேட்டாள். அதில் நோயாளிகளுக்குத்தான் முதலிடம், ஒருமுறை பிரசவச் சிக்கலான பெண்ணோடு நம் மகளே அதில் போயிருக்கிறாள் என்று சொன்னேன். தெருவில் யார் வந்தாலும் இதை இருவரும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். இந்தி ஒரு எழுத்து தெரியாமல் போனவள், இன்று வங்காளத்திலேயே பிரசவம் பார்க்கிறாள் என்று உன் அத்தையிடம் சொன்னபோது எனக்குக் குரல் கம்மிவிட்டது.

அத்தை என்றதும் சொல்ல வேண்டியதாகிறது. போர்ட் பிளேரிலிருந்து ரங்கத்துக்கு உனக்கு மாற்றல் ஆன செய்தி காலடிப்பேட்டைக்குப் போய், அங்கிருந்து எங்களுக்கு வந்தது. பெற்றவர்களிடம் நேரே சொல்லியிருக்கலாம். மாற்றல் தானாக வந்ததா, கேட்டு வாங்கியதா என்று அத்தை என்னிடம் கேட்டாள். அரசுப் பணியில் மாற்றல் சகஜம், மாப்பிள்ளைக்கும் அங்கே கிடைத்துவிடும் என்று பதில் சொன்னேன். அதற்குமேல் அவளும் கேட்கவில்லை. மாசித் திருவிழாவில் மகிழடி சேவைக்குப் போனோம். வழக்கமாக உன்னைத் தோளில் தூக்கி நின்ற அதே இடத்தில்தான் நின்றோம். உன் அம்மா முழுவதும் பார்க்காமல் பாதியிலேயே வீட்டுக்குப் போகலாம் என்றாள். முழங்கால் வலி என்று சொன்னாள்.

எதிர்வீட்டுப் பெண்ணுக்கு நிச்சயமானது, நம் தெருவில் மழைநீர்க் கால்வாய் தோண்டியது எல்லாம் எழுத இருந்தேன். இடம் போதவில்லை, நேரில் சொல்கிறேன்.

வரும் தேதி: தியாகுவுக்கு ஆண்டுத் தேர்வு முடிந்த அடுத்த வாரம். சித்திரையில் கடல் அமைதியாக இருக்கும். மே மூன்றாம் வாரத்தில் அந்தப் பக்கம் பருவமழை தொடங்கிவிட்டால் படகுகள் நிற்கும், அதற்குள் திரும்பிவிட வேண்டும்.

திரும்பும் வழிதான் முக்கியம். நாங்கள் இருவர் மட்டும் என்றால் வந்தபடியே விமானம். கூட ஆள் இருந்து, சாமானும் இருந்தால் கப்பல்தான் ஏற்றது. மூன்று நாள் போனாலும் பாதகமில்லை. கிரைண்டர், தையல் இயந்திரம், தியாகுவின் சைக்கிள், நாங்கள் சீராகக் கொடுத்த பீரோ, எதுவானாலும் சரி, அட்டையும் சணலும் சுற்றி, எண்ணிட்டு, பட்டியல் போட்டு ஹாடோ துறையில் ஏற்றுவதும் சென்னையில் இறக்குவதும் என் பொறுப்பு. அந்த வேலை எனக்கு மறக்கவில்லை. பையனின் பள்ளி மாற்றுச் சான்றிதழை மட்டும் மறக்காமல் வாங்கிக்கொள்ள வேண்டும். அங்கேயும் மத்தியப் பாடத்திட்டம் என்பதால் இங்கே சேர்ப்பதில் சிரமம் இராது, விசாரித்துவிட்டேன். மாடி அறைக்கு வெள்ளை அடித்திருக்கிறோம். வெயிலுக்காக அடித்தது.

ராஜாஜி சாலையில் கப்பல் கழக அலுவலகத்துக்குப் போய்த் திரும்பும் தேதிகளைக் கேட்டுவர இருக்கிறேன். அங்கே முதலில் கேட்பது எத்தனை பேர் என்பதைத்தான். வருகிற வெள்ளிக்கிழமைக்குள் இரண்டு என்றோ நான்கு என்றோ, ஐந்து என்றால் இன்னும் மகிழ்ச்சி, ஓர் எண்ணை மட்டும் செய்தியாக அனுப்பு. இரண்டு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைக்கு விமானத்தில் முழுக் கட்டணம் என்பதால், நீ விமானமே வேண்டும் என்றால் அதையும் சேர்த்து எழுது. பணத்தைப் பற்றி யோசிக்காதே. காரணம் எதுவும் எழுத வேண்டாம்.

இப்படிக்கு,
அப்பா.

பின்குறிப்பு: இந்தக் கடிதத்தை உன் அம்மா படிக்கவில்லை. ஊறுகாய் ஜாடியா, பிளாஸ்டிக் டப்பாவா என்று உன்னைக் கேட்டு எழுதச் சொன்னாள். அதற்கும் பதில் போடு.