வரிசையைக் கலைக்காதீர்கள்: பாடல் செயலி நடத்துவோருக்கு ஒரு திறந்த மடல்

பாடல் செயலிகளை நடத்தும் நிறுவனத்தாருக்கு,

வணக்கம். என் தங்கை மகள் கல்லூரியில் படிக்கிறாள். 2022-இல் ஒரு தொலைக்காட்சித் தொடர் வழியாக இங்கிலாந்துப் பாடகி கேட் புஷ்ஷின் குரல் அவளுக்கு அறிமுகமானது. அவருடைய 'தி டிரீமிங்' ஆல்பத்தைக் கேட்டுப் பார் என்று போன மாதம் சொன்னேன். அவள் வைத்திருப்பது சந்தா கட்டாத செயலி; அது பாட்டுகளை வரிசை கலைத்துப் போட்டது. எடுத்த எடுப்பில் ஒன்பதாம் பாட்டு ஓடியது, பிறகு இரண்டாவது, அதன் பிறகு வேறு யாரோ பாடிய பாட்டு. "ஒரே கூச்சலாக இருக்கிறது மாமா" என்று நிறுத்திவிட்டாள்.

அவள்மீது தவறில்லை. நடுவில் ஒரு காட்சியை மட்டும் காட்டினால் எந்த நாடகமும் கூச்சல்தான்.

1982 செப்டம்பரில் இந்த ஆல்பம் வந்தபோது கேட் புஷ்ஷுக்கு 24 வயது. தயாரிப்புப் பொறுப்பு முழுவதையும் அவரே ஏற்ற முதல் ஆல்பம் இது. எந்த ஓசையையும் பதிந்து அதையே சுரங்களாக வாசிக்கத் தரும் ஃபேர்லைட் கணினிக் கருவியை வைத்துக்கொண்டு, பாட்டுக்குப் பாட்டு வேடம் மாறுகிறார். வங்கியில் கொள்ளையடிக்கப் போய் நடுங்குபவர், காட்டில் அமெரிக்கச் சிப்பாயைக் குறிபார்க்கும் வியட்நாம் போராளி என்று ஒவ்வொருவருக்கும் ஒரு தொண்டை.

கடைசி மூன்று பாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். எட்டாவது பாட்டான 'ஆல் தி லவ்' முடியும்போது தொலைபேசிப் பதிவுக் கருவியில் விழுந்த குரல்கள் வருகின்றன. ஒருவர் மாற்றி ஒருவர் விடைபெறுகிறார்கள், அவ்வளவுதான். அந்தக் குரல்கள் ஓய்ந்ததும் 'ஹூடினி' தொடங்குகிறது. இறந்துபோன மந்திரவித்தைக்காரர் ஹூடினி, தமக்கும் மனைவிக்கும் மட்டுமே தெரிந்த சொல்லை ஆவியாக வந்து சொல்வாரா என்று அவர் மனைவி காத்திருக்கும் பாட்டு அது. அதில் தம் குரல் கரகரக்க வேண்டும் என்று கேட் புஷ் சாக்லேட்டும் பாலும் சாப்பிட்டுவிட்டுப் பாடினாராம். போனவர்களின் குரலைக் கேட்ட காதோடுதான் அந்த மனைவியின் பக்கத்தில் போய் உட்கார முடியும். அடுத்த பாட்டில் ஒரு பெண் தானே வீடாகிக் கதவுகளை அறைந்து சாத்துகிறாள். மனிதக் குரல்கள் கழுதைக் கத்தலாகி ஆல்பம் முடிகிறது. எட்டு, ஒன்பது, பத்து. இதில் எதை முன்னே தள்ளுவீர்கள், எதைப் பின்னே வைப்பீர்கள்?

இது உங்களால் முடியாத காரியமும் அல்ல. 2021 நவம்பரில் பாடகி அடெல் கேட்டுக்கொண்டார் என்பதற்காக, ஆல்பப் பக்கத்தில் கலைத்துப் போடும் பொத்தான் முதலில் நிற்பதை உங்களில் ஒருவர் மாற்றினார். அந்த மாற்றத்தின் பலன் அன்று சந்தா கட்டுவோரோடு நின்றுவிட்டது. காசில்லாத மாணவிக்கும் அதே காதுதானே? விளம்பரம் போட்டுக்கொள்ளுங்கள், அவள் பொறுத்துக்கொள்வாள். ஆனால் ஆல்பம் முடிந்த பிறகு போடுங்கள். பாட்டுகளை மட்டும் பாடியவர் வைத்த வரிசையில் விடுங்கள்.

அடுத்த மாதம் விடுமுறைக்கு அவள் என் வீட்டுக்கு வருகிறாள். என்னிடம் இருக்கும் இசைத்தட்டில் இரண்டாம் பக்கத்தைப் போட்டுக் காட்டப்போகிறேன். அவளுடைய தோழிகளுக்கு உங்கள் செயலியைத் தவிர வேறு வழியில்லை.

இப்படிக்கு,
உங்கள் சந்தாதாரர் ஒருவர்