தாழங்குப்பத்து அக்காவுக்கும் கூட நின்ற எல்லோருக்கும்

சென்னை எண்ணூர் முகத்துவாரத்தில் வந்திறங்கிய அபூர்வக் குருவி ஒன்றைப் படமெடுத்துப் பெயர் கண்டுபிடிக்க, பறவை பார்க்கிற நாங்கள் இந்த நான்கு நாளாகப் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். அதை மறுபடி சொல்லப் போவதில்லை. குருவிக்கு ஒன்றும் ஆகவில்லை. பெயரும் உறுதியாகிவிட்டது: இசபெலைன் வீட்டியர். நேற்று ராத்திரிதான் கடைசி சந்தேகமும் தீர்ந்தது. மனசு நிறைந்திருக்கும்போதே எழுதிவிடுகிறோம்.

முதல் நன்றி தாழங்குப்பம் கரையில் நெத்திலி காயவைக்கும் அக்காவுக்கு. மற்றவர்களுக்கெல்லாம் அதற்குப் பிறகுதான்.

அவர் செய்த உதவியின் அளவு புரிய வேண்டுமானால், இந்தக் குருவி எங்கே ஆளை ஏமாற்றும் என்று சொல்லியாக வேண்டும். மத்திய ஆசியாவின் வறண்ட புல்வெளிகளில் கூடு கட்டுகிற பறவை. குளிர்காலத்துக்கு ஆப்பிரிக்கா, அரேபியா என்று போகும். நம் நாட்டில் ராஜஸ்தான், குஜராத் பக்கம் இறங்கும். சென்னை அதன் வழியிலேயே இல்லை. நிற்கும்போது பார்த்தால் மணல் நிறம், நீண்ட கால், நிமிர்ந்த நெஞ்சு, அவ்வளவுதான். தூரத்தில் வயல் நெட்டைக்காலி என்றே கடந்து போய்விடலாம். இதன் உறவுக்காரப் பறவைகளான டெசர்ட் வீட்டியரின் பெட்டையும் நார்தர்ன் வீட்டியரின் இளம்பறவையும் ஏறக்குறைய இதே சாயல். நிறத்தை நம்பவே கூடாது. மணலில் பட்டுத் தெறிக்கிற வெளிச்சம் வயிற்றை வெளுப்பாகக் காட்டும். விடிகாலை வெயில் அதே வயிற்றைச் செம்மஞ்சளாக்கிவிடும்.

முடிவு சொல்வது வால்தான். டெசர்ட் வீட்டியருக்குக் கிட்டத்தட்ட அடிவரை கருப்பு. நார்தர்னுக்கு நுனியில் ஒல்லியான பட்டை, நடு இறகுகளின் கருப்போடு சேர்ந்து தலைகீழான ஆங்கில ‘T’ எழுத்துப் போல இருக்கும். இசபெலைனுக்கு அந்தப் பட்டை அகலம், ஏறக்குறைய பாதி வாலைப் பிடித்துக்கொள்ளும். மடங்கிய வாலில் இது எதுவும் தெரியாது. எழும்பும்போதும் இறங்கும்போதும் ஒரு கணம் விரியும், உடனே மூடிக்கொள்ளும். கேமராவின் ஷட்டர் வேகம் 1/2000 நொடிக்குக் குறைந்தால் படம் இழுபடும். எக்ஸ்போஷரை, அதாவது படத்தில் விழும் வெளிச்சத்தை, கொஞ்சம் குறைத்து வைக்காவிட்டால் வாலடி வெள்ளை வெளுத்துப் பரவி, பட்டையின் விளிம்பைத் தின்றுவிடும். அகலப் பட்டை ஒல்லியாகத் தெரிந்து, பெயரே மாறிப்போகும். வெயில் ஏறினால் மணலில் கானல் அலை, அப்புறம் எவ்வளவு பெரிய லென்ஸ் இருந்தும் பிரயோஜனமில்லை. இரண்டு நாள் எடுத்த படங்களில் ஒன்றுகூட உதவாமல் போனதற்கு இவைதான் காரணம்.

மூன்றாம் நாள் அந்த அக்கா சொன்ன ஒரு வார்த்தை எல்லாவற்றையும் மாற்றியது. “அது எங்க சுத்தினாலும் அந்தக் கவுத்துப்போட்ட படகாண்டதான்பா வந்து குந்தும். அதும் பின்னாடி ஏன் ஓடுறீங்க? இங்கயே குந்துங்க.” காய்கிற மீனை மொய்க்கும் ஈக்களுக்காகத்தான் குருவி அங்கே வந்துகொண்டிருந்தது. ஈயைக் கொத்திக்கொண்டு தரையோடு தரையாகப் பறந்து, படகின் அதே விளிம்புக்குத் திரும்பும். இதை எங்களுக்கு முன்பே கவனித்து வைத்திருந்தவர் அவர்.

சொன்னதோடு நிற்கவில்லை. சூரியன் முதுகுக்குப் பின்னால் இருக்கும்படி நாங்கள் உட்கார வேண்டிய இடத்தில் அவர் மீன் காயவைக்கும் வலை விரிந்திருந்தது. நாங்கள் வாய் திறந்து கேட்கவே இல்லை. அவராகவே ஒரு முனையைப் பிடித்து இழுத்து, மீனோடு சேர்த்து நகர்த்திக் கொடுத்தார். படகை ஒட்டிக் கிடந்த நெத்திலியை அன்று அவர் புரட்டவும் இல்லை. நெத்திலியை நேரத்துக்குப் புரட்டாவிட்டால் அடிப்பக்கம் ஈரம் தங்கி வாடை மாறும், விலையும் இறங்கும். அது தெரிந்தே விட்டார். நாய்களை விரட்டினார். கிட்டே போன கேமராக்காரர்களை, “அது துன்னட்டும், அப்பால எடுங்க” என்று நிறுத்தினார். குருவி தானாகப் பறந்து, தானாக இறங்கியது. வால் முழுக்க விரிந்த ஒரே படம் அப்போதுதான் கிடைத்தது: பாதி வால் கருப்பு, மேலே சுத்த வெள்ளை. அதே படத்தில் இறக்கையின் வெளிறிய அடிப்பக்கமும் விழுந்திருந்தது. நார்தர்னாக இருந்திருந்தால் அது சாம்பல் கருமையாக இருக்கும். ஒரு ஆளின் அரைநாள் உழைப்பு அந்தப் படத்துக்குள் இருக்கிறது.

குஜராத்தின் கச்சிலும் ராஜஸ்தானின் பிகானேரிலும் இதைத் தினம் பார்க்கிறவர்கள் ராத்திரியோடு ராத்திரியாக ஒப்பிட்டுப் பார்க்கப் படங்கள் அனுப்பினார்கள். கண்ணுக்கு முன்னால் தடித்துப் பின்னால் மங்கும் புருவக்கோட்டையும், இறக்கை மடிப்பில் தனித்துக் கருத்த கட்டைவிரல் இறகையும் பார்க்கச் சொன்னவர்கள் அவர்கள்தான். இஞ்சினை அணைத்துப் படகைத் தள்ளிக்கொண்டே கரையேற்றிய அண்ணன்கள், பட்டம் விடுவதை நிறுத்திவைத்த பிள்ளைகள், டீக்குக் காசு வாங்க மறுத்த கடைக்காரர், குருவி சத்தத்தைப் போனில் போட்டு வரவழைக்க மாட்டோம் என்று சொன்ன சொல்லைக் காத்த நண்பர்கள், எல்லோருக்கும் நன்றி.

பார்த்த பறவைகளைப் பதிவு செய்யும் இ-பேர்டு இணையதளத்தில், எங்கள் பதிவின் குறிப்பில், படகு விளிம்பைக் காட்டிக் கொடுத்தது அங்கே மீன் காயவைக்கிறவர் என்று எழுதியிருக்கிறோம். இனி அந்தக் கரைக்கு ஒரே நேரத்தில் நான்கு பேருக்கு மேல் போக மாட்டோம். முப்பது மீட்டருக்குள் நெருங்க மாட்டோம். அக்கா, அடுத்த தடவை நெத்திலி புரட்டுகிற நேரம் எது என்று உங்களிடம் கேட்டுக்கொண்டுதான் வருவோம். புரட்ட ஆள் வேண்டுமென்றால் முதலில் அந்த வேலை, அப்புறம்தான் பைனாகுலர்.