பிரிக்கச் சொன்னவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்புள்ள எல்லோருக்கும்,

பெரியப்பாவுக்காக நான் பின்னிய தோள்பை ஒருவழியாக முடிந்துவிட்டது. பின்னியவள் நான்தான். ஆனால் பாதி வேலையில் பிரிக்கச் சொன்னவர்கள் நீங்கள். முதல் நன்றி அதற்கு.

ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்றவருக்கு மூவர்ணக் கொடி போலவே ஒரு பை. காவி, வெள்ளை, பச்சை, நடுவில் 24 ஆரங்களோடு நீலச் சக்கரம். அடியிலிருந்து பச்சையை முடித்து, வெள்ளையில் சக்கரமும் பாதி ஏறிவிட்டது. அப்போதுதான் பக்கத்து வீட்டுத் தலைமையாசிரியர் ஐயா தயங்கித் தயங்கி, "கொடியில எதையும் வச்சுத் தூக்கிட்டுப் போகக் கூடாதும்மா" என்றார். விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நினைத்தேன். 2002-இல் நடைமுறைக்கு வந்த கொடி விதிகளை அவர் எடுத்துக் காட்டிய பிறகுதான் சிரிப்பு நின்றது. பொருள்களை வாங்கவோ, கொடுக்கவோ, சுமந்து செல்லவோ கொடியைப் பயன்படுத்தக் கூடாது. ஏற்றுவதற்கு முன் உள்ளே பூவிதழ் வைத்து மடிக்க மட்டும் விலக்கு உண்டு. நான் பின்னிக்கொண்டிருந்ததோ கீரைக்கட்டு சுமக்கப்போகும் கொடி! ஐயா, அன்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டதற்கு மன்னிக்கவும். பேசாமல் இருந்திருந்தால் அதைப் பெரியப்பாவிடமே கொடுத்து அவரைச் சங்கடப்படுத்தியிருப்பேன்.

உண்மையைச் சொன்னால், சக்கரமும் சரியாக வரவில்லை. பின்னலில் ஒரு கண்ணி உயரத்தைவிட அகலம் அதிகம். சாதாரணக் கட்டத்தாளில் வட்டம் போட்டுப் பின்னினால், பையில் அமுங்கிப்போன முட்டைதான் வரும். இதைக் கண்டுபிடித்தவள் என் மகள். கண்ணியின் அளவுக்கே கட்டம் போட்டுப் புதுப் படம் வரைந்து கொடுத்தாள். மயில் தேசியப் பறவையாக அறிவிக்கப்பட்டது 1963-இல். அதனால் மயிலிறகு போடலாம் என்பதும் அவள் யோசனைதான். சக்கரத்துக்கு வாங்கிய நீலம் இறகின் கண்ணாயிற்று, பச்சை பையின் உடலாயிற்று, காவி கண்ணைச் சுற்றி ஒரு மெல்லிய வளையம். வெள்ளை மிஞ்சிவிட்டது.

பெரியம்மா, உங்களுக்கு எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. பிரித்த நூல் சுருண்டு சுருண்டு கிடந்தது. அப்படியே பின்னினால் கண்ணிகள் ஒழுங்காக உட்காராது. நீங்கள்தான் அதை நாற்காலி முதுகில் சுற்றி, நூல்கற்றையாகக் கட்டி, நனைத்து, அடியில் ஒரு செம்பைக் கட்டித் தொங்கவிட்டீர்கள். மறுநாள் நூல் நேராகிவிட்டது. நீல நூல் சாயம் போகாது என்று விற்றவர் அடித்துச் சொன்னார். அதையும் நம்பாமல், தண்ணீர் தெளியும்வரை அலசினீர்கள். முதல் அலசலில் வாளித் தண்ணீர் மை போல இருந்தது, நினைவிருக்கிறதா?

அப்புறம் தையல்கார அண்ணனுக்கு. பருத்தி நூல் பாரம் தாங்கும், ஆனால் நீண்டால் திரும்பாது. தோள்பட்டைக்குள் நாடாவும் உள்ளே துணியும் வைத்துத் தைக்காவிட்டால் இந்தப் பை ஒரே மாதத்தில் முழங்காலைத் தொட்டிருக்கும். கூலி வாங்க மாட்டேன் என்றீர்கள். மிஞ்சிய வெள்ளை நூலில் ஊசி, கத்தரி வைக்க ஒரு சின்ன உறை பின்னிக்கொண்டிருக்கிறேன், அதையாவது மறுக்காதீர்கள்.

கடைசியாகப் பெரியப்பாவுக்கு. பையை மாட்டிக்கொண்டு நீங்கள் நடைப்பயிற்சிக்குக் கிளம்பியதைப் பார்த்தேன். மயிலிறகு உங்கள் முதுகுப் பக்கம் திரும்பியிருந்தது. கேட்டால், அழுக்காகிவிடும் என்கிறீர்களாம். ஆகட்டும் பெரியப்பா. குளிர்ந்த தண்ணீரில் அலசி, தொங்கவிடாமல் விரித்துப் போட்டு உலர்த்தினால் போதும். இறகை வெளிப்பக்கமாகவே மாட்டுங்கள்.

அன்புடன்,
உங்கள் வீட்டுப் பெண்