பல்கலைக்கழக அரங்கில் தமிழ் எழுத்தாளர் வாசிக்கட்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தமிழகத்திலிருந்தும் இலங்கையிலிருந்தும் டர்பனுக்கு வருகைதரும் தமிழ் எழுத்தாளர்களைக் கோயில் மண்டபத்திலும் திருமண மண்டபத்திலும் மட்டுமே பேசவைத்து வழியனுப்பிவிடும் வழக்கத்தை நம் சங்கங்கள் மாற்றிக்கொள்ள வேண்டும். அவர்களைப் பல்கலைக்கழக வளாகத்துக்கு அழைத்துச் சென்று, உரையாற்றச் சொல்வதற்கு முன்னால், தம் எழுத்தைத் தாமே வாசிக்கச் சொல்ல வேண்டும். இதை வலியுறுத்தவே இக்கடிதத்தை எழுதுகிறேன்.

இதற்காகப் புதிதாக எதையும் கட்டியெழுப்ப வேண்டிய தேவை இல்லை. குவாசூலு-நடால் பல்கலைக்கழகத்தின் படைப்புக் கலைகள் மையம் 1997 முதல் 'பொயட்ரி ஆஃப்ரிக்கா' என்னும் கவிதை விழாவையும், 1998 முதல் 'டைம் ஆஃப் தி ரைட்டர்' என்னும் எழுத்தாளர் விழாவையும் நடத்தி வருகிறது. ஆப்பிரிக்கக் கண்டத்தின் பல நாடுகளிலிருந்தும், அதற்கு அப்பாலிருந்தும் வந்த எழுத்தாளர்கள் ஹோவர்ட் கல்லூரி வளாகத்து எலிசபெத் ஸ்னெட்டன் அரங்கின் மேடையில் அமர்ந்து வாசித்திருக்கிறார்கள். 2017இல் யுனெஸ்கோ டர்பனை இலக்கிய நகரம் என்று அறிவித்தபோது, ஆப்பிரிக்காவில் அந்தத் தகுதியைப் பெற்ற முதல் நகரம் நம்முடையதாக இருந்தது. இவ்வளவும் நம் வீட்டு வாசலிலேயே நடந்துகொண்டிருக்க, தமிழ் எழுத்தாளர் ஒருவர் வந்தால் மட்டும் அந்த வாசலைத் தாண்டி வேறெங்கோ அழைத்துப் போகிறோம்.

அங்கே ஒரு மாலை எப்படி நடக்கிறது என்பதை நேரில் பாராதவர்களுக்காகச் சிறிது சொல்ல வேண்டும். மேடையில் இரண்டு மூன்று நாற்காலிகளும் ஒரு சிறு மேசையும் தண்ணீரும்தான் இருக்கும். நான் போயிருந்த ஒரு மாலையில், வரவேற்பு நான்கைந்து வாக்கியங்களில் முடிந்தது. எழுத்தாளர் எழுந்து நின்று தம் நாவலிலிருந்து மூன்று பக்கம் வாசித்தார். உடன் அமர்ந்திருந்த நெறியாளரின் கையில் அதே நூலின் படி ஒன்று இருந்தது. அதன் ஓரமெங்கும் நிறம் நிறமாகத் துண்டுச் சீட்டுகள் ஒட்டியிருந்தன. நூலை முழுக்கப் படித்தவர் என்பது அவர் முதல் கேள்வியிலேயே தெரிந்துவிட்டது. பிறகு அவையினர் கேட்கத் தொடங்கினர். பின்வரிசையிலிருந்து சூலு மாணவி ஒருத்தி எழுந்து, கதையில் வரும் அந்தக் கிழவி வீட்டில் எந்த மொழியில் பேசுவாள், நீங்கள் ஆங்கிலத்தில் எழுதும்போது அவள் குரல் எங்கே போய்விடுகிறது என்று கேட்டாள். எழுத்தாளர் மொழிக்கொள்கை பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றாமல், பக்கத்தை மறுபடி திறந்து, கிழவி பேசும் நான்கு வரிகளைத் தம் தாய்மொழியில் சொல்லிக் காட்டினார். அரங்கில் இருந்த பெரும்பாலோருக்கு அந்த மொழி தெரியாது. ஆனாலும் கிழவி கோபமாக இருந்தாள் என்பது எல்லோருக்கும் புரிந்தது.

நம் கூட்டங்களின் நடைமுறையை வாசகர்கள் நன்கறிவார்கள். அண்மையில் ஒரு மண்டபத்தில் (பெயர் வேண்டாம்) தமிழகத்து எழுத்தாளர் ஒருவருக்கு வரவேற்பு நடந்தது. குத்துவிளக்கு, கடவுள் வாழ்த்து, வரவேற்புரை, ஐவரின் வாழ்த்துரை, பரதநாட்டியம், பொன்னாடை, நினைவுப் பரிசு, ஒவ்வொருவரும் மேடையேறி நிழற்படம் எடுத்துக்கொள்ளல் என இரண்டு மணி நேரம் போனபின், சமையற்கூடத்திலிருந்து பிரியாணி மணம் வரத் தொடங்கிய வேளையில்தான் ஒலிபெருக்கி அவர் கைக்கு வந்தது. பாவம், அவர் என்ன செய்வார்? தமிழின் தொன்மையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசிவிட்டு அமர்ந்தார். அவர் எழுதிய ஒரு வரிகூட அன்று அம்மண்டபத்தில் ஒலிக்கவில்லை. விருந்தோம்பலில் நம்மவர்களை யாரும் குறை சொல்ல முடியாது. ஆனால் விருந்தாளி தம்முடன் கொண்டுவந்ததை நாம் கேட்டு வாங்கவில்லை.

நூலாசிரியர் தம் நூலை அவைமுன் வாசிப்பது வெளிநாட்டாரிடமிருந்து நாம் கற்க வேண்டிய புதுமை அன்று. அரங்கேற்றம் என்று நம் முன்னோர் வைத்திருந்தது அதைத்தான். கம்பர் திருவரங்கத்தில் இராமகாதையை அரங்கேற்றியதாகவும், சேக்கிழார் தில்லையில் திருத்தொண்டர் புராணத்தை ஒரு சித்திரையில் தொடங்கி மறு சித்திரையில் முடித்ததாகவும் மரபு கூறுகிறது. எனக்கு இவற்றினும் பிடித்தது கச்சியப்ப சிவாசாரியாரின் கதை. காஞ்சிக் குமரகோட்டத்தில் அவர் கந்தபுராணத்தை அரங்கேற்றத் தொடங்கியபோது, காப்புச் செய்யுளின் முதற்சொற்களிலேயே அவையிலிருந்து ஒருவர் எழுந்து, சொற்கள் இப்படிப் புணர்வதற்கு எந்த இலக்கணத்தில் விதி இருக்கிறது என்று தடுத்துவிட்டாராம். மறுநாள் வீரசோழியத்திலிருந்து விதியை எடுத்துக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்ததாம். கதையில் முருகப்பெருமானின் அருளும் உண்டு. அதை ஒருபுறம் வைத்துவிட்டுப் பார்த்தாலும், நூலாசிரியரைத் தடுத்துக் கேள்வி கேட்கும் உரிமை அவைக்கு உண்டு என்பதையும், அந்தக் கேள்வியை மதித்து விடை தேடும் கடமை நூலாசிரியருக்கு உண்டு என்பதையும் அக்காலத்தார் இயல்பாக எடுத்துக்கொண்டிருந்தார்கள் என்பது விளங்கும். பொன்னாடை போர்த்திய மேடையில் அப்படி ஒரு கேள்வி எழுவதை நினைத்துப் பார்க்கவே கடினமாக இருக்கிறது. பல்கலைக்கழக அரங்கில் அது அன்றாட வழக்கம்.

இங்கே தமிழ் யாருக்குப் புரியும், மாணவர்கள் முன் தமிழில் வாசித்து என்ன பயன் என்ற ஆட்சேபம் உடனே வரும். அதை நான் எளிதாகத் தள்ளிவிடவில்லை. 1860 நவம்பர் 16 அன்று 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தது முதல் 1911 வரை, ஒப்பந்தக் கூலிகளாக, டர்பன் உள்ள நடாலில் இறங்கிய 1,52,184 பேரில் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறியவர்கள். அவர்களுக்காக 1903இல் தொடங்கிய 'இந்தியன் ஒப்பீனியன்' இதழ் ஆங்கிலம், குஜராத்தி, இந்தி ஆகியவற்றோடு தமிழிலும் அச்சாயிற்று, 1908இல் பி. எஸ். ஐயர் தொடங்கிய 'ஆப்பிரிக்கன் கிரானிக்கிள்' தமிழையும் ஆங்கிலத்தையும் சேர்த்தே தாங்கி வந்தது. அவ்விதழ்களை எழுத்துக்கூட்டியேனும் படித்தவர்களின் கொள்ளுப்பேரர்கள் இன்று ஆங்கிலத்தில் சிந்திக்கிறார்கள். அதற்காக அவர்களைக் கடிந்துகொள்வதில் பொருளில்லை.

ஆனால் அவர்களுடைய காது தமிழுக்கு அந்நியமாகிவிடவில்லை. நம் ஞாயிற்றுக்கிழமை வகுப்புகளில் பயிலும் பிள்ளைகள் ஐஸ்டெட்ஃபாட் என்னும் கலைப் போட்டி மேடையில் திருக்குறளை ரோமன் எழுத்தில் எழுதி வைத்து மனப்பாடம் செய்து, ஒரு சீர் பிசகாமல் ஒப்பிக்கிறார்கள். பொருள் முழுவதும் தெரியாத தேவாரத்தையும் திருப்புகழையும் கோயிலில் கண்ணீர் மல்கப் பாடுகிறவர்கள் நம்மில் எத்தனை பேர்! இப்படிச் செவிவழியாகவே தமிழைக் காத்துவரும் ஒரு சமூகத்துக்கு, உயிரோடு இருக்கும் ஓர் எழுத்தாளர் இந்த ஆண்டு எழுதியதைத் தம் குரலில் வாசிப்பதைக் கேட்கும் வாய்ப்பு மட்டும் ஏன் கிடைக்கக்கூடாது? வள்ளுவரோடும் அருணகிரியோடும் தமிழ் நின்றுவிட்டது என்று நம் பிள்ளைகள் எண்ணினால், அவ்வாறு எண்ணவைத்ததில் எங்களைப் போன்ற தமிழாசிரியர்களுக்கும் பங்கு உண்டு.

வளாகம் என்று நான் குறிப்பாகச் சொல்வது வெஸ்ட்வில் வளாகத்தை. 1961இல் துறைமுகத்துக்குள் இருக்கும் சாலிஸ்பரி தீவில், பழைய கடற்படைக் கட்டடங்களில், இந்தியர்களை மட்டும் பிரித்து வைப்பதற்காக அன்றைய அரசு தொடங்கிய கல்லூரியே, பின்னர் வெஸ்ட்வில் குன்றுக்கு இடம்பெயர்ந்து டர்பன்-வெஸ்ட்வில் பல்கலைக்கழகம் ஆயிற்று. 2004இல் நடால் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. நம்மை ஒதுக்கி வைக்கக் கட்டிய இடத்தில் ஒரு காலத்தில் தமிழும் பாடமாக இருந்தது. எல்லோருக்கும் திறந்துவிட்ட பிறகு அங்கே தமிழ் இல்லாமல் போயிற்று என்பது நம் வரலாற்றின் விந்தைகளில் ஒன்று. அவ்வளாகத்திலேயே காந்தி-லுதுலி ஆவண மையமும் இருக்கிறது. வாசிப்புக்கு வரும் எழுத்தாளரை முதலில் அங்கே அழைத்துச் சென்றால், தாம் யார் முன்னிலையில் வாசிக்கப் போகிறார் என்பதை நாம் விளக்கிச் சொல்ல வேண்டியிராது. எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியிலிருந்து வரும் முதியவர்களுக்கும் ஹோவர்ட் கல்லூரியைவிட அது வசதியான இடம்.

மாணவர்களைப் பொறுத்தவரை இன்னொன்றையும் கருத வேண்டும். 2014 முதல் இப்பல்கலைக்கழகத்தில் இளநிலைப் படிப்பில் சேரும் மாணவர்கள், சூலு மொழி முன்பே தெரிந்தவர்கள் தவிர, அம்மொழியில் ஒரு பாடம் படிக்க வேண்டும் என்ற விதி இருக்கிறது. ஒரே அறையில் தெரிந்த மொழியும் பாதி தெரிந்த மொழியும் மாறி மாறி ஒலிப்பது அவர்களுக்குப் பழகிப்போன ஒன்று. தமிழில் ஒரு பத்தி, ஆங்கிலத்தில் அதன் மொழிபெயர்ப்பு, முடிந்தால் சூலுவில் ஒரு சுருக்கம் என்று வாசித்தால் அவர்கள் திகைத்துப் போகமாட்டார்கள்.

எதை வாசிப்பது என்பதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. கவிதை வேண்டாம், முதல் சில நிகழ்ச்சிகளுக்கேனும் வேண்டாம். கவிதை என்றதும் நம் அவை கைதட்டத் தயாராகிவிடும், கேட்பதை நிறுத்திவிடும். உரையாடல் மிகுந்த சிறுகதையிலிருந்து நான்கு பக்கம் போதும். நிதானமாக வாசித்தாலும் அது கால் மணி நேரத்துக்கு மேல் போகாது. வாசிக்கும் பகுதி தமிழிலும் ஆங்கிலத்திலும் பக்கம் பக்கமாக அச்சிடப்பட்டு ஒவ்வொருவர் கையிலும் இருக்க வேண்டும். தமிழ் எழுத்துத் தெரியாதவர்களுக்காக ரோமன் எழுத்திலும் அதைத் தரலாம். தூய தமிழ் அன்பர்கள் இதற்காக என்மேல் வருத்தப்படக்கூடும், பரவாயில்லை.

வருகிற எழுத்தாளரோடு இங்குள்ள எழுத்தாளர் ஒருவரையும் அதே மேடையில் அமர்த்துவது மிகவும் நல்லது. மறைந்த ரானி கோவிந்தர் ஆங்கிலத்தில்தான் எழுதினார். ஆனால் டர்பனின் கேட்டோ மேனர் பகுதி மக்களைப் பற்றிய அவருடைய கதைகளில் நம் பாட்டன் பாட்டிகளின் பேச்சு அப்படியே கேட்கும். அந்தத் தொகுப்புக்கு 1997இல் ஆப்பிரிக்க வட்டாரத்துக்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசு கிடைத்தது. அவர் வழியில் இன்று ஆங்கிலத்தில் எழுதிவரும் நாயுடு, பிள்ளை, கோவிந்தர் என்னும் குடும்பப் பெயர்க்காரர்கள் தமிழகத்து எழுத்தாளரின் அருகில் அமர்ந்து வாசித்தால், இருவருமே இதுவரை கேட்டிராத கேள்விகளை மாணவர்கள் கேட்பார்கள்.

நாளும் நேரமும் சிறிய செய்திகள்தாம். ஆனால் நம் நிகழ்ச்சிகள் பலவும் கவிழ்வது அங்கேதான். இரவில் குன்றின்மேல் இருக்கும் வளாகத்துக்குப் பேருந்தில் வந்து திரும்ப முதியவர்களும் அஞ்சுவார்கள், மகளிரும் அஞ்சுவார்கள். ஆகவே சனிக்கிழமை காலையே ஏற்றது. புரட்டாசிச் சனிக்கிழமைகளையும் காவடி நாட்களையும் ஜூன், நவம்பர் மாதத் தேர்வுக் காலத்தையும் விலக்கிவிட வேண்டும். விமானக் கட்டணம் கட்டுப்படியாகாத ஆண்டில் எழுத்தாளர் சென்னையிலிருந்தே திரையில் வாசிக்கலாம். இங்கே காலை 11 மணி என்றால் அங்கே பிற்பகல் 2.30 என்பதால் யாருக்கும் தூக்கம் கெடாது. பெருந்தொற்று வந்த 2020 மார்ச்சில் 'டைம் ஆஃப் தி ரைட்டர்' விழாவே இணையவழிக்கு மாறியதை நாம் பார்த்தோம். எனினும் நேரில் வருவதற்கு அது ஈடாகாது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

செலவை மேடைக்கும் மாலைக்கும் விருந்துக்கும் ஆவதில் ஒரு பகுதியைக் கொண்டே ஈடுகட்டிவிடலாம். நம் அரசியலமைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, இங்குள்ள சமூகங்கள் வழங்கும் மொழிகளுள் ஒன்றாகத் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டு, அதை வளர்க்கவும் அதற்கு மதிப்பு உண்டாக்கவும் அனைத்துத் தென்னாப்பிரிக்க மொழி வாரியத்தைப் பணிக்கிறது. அந்த வாரியத்துக்கு நம் சங்கங்கள் அனுப்பும் விண்ணப்பங்களில் விழாக்களோடு இத்தகைய வாசிப்பு ஒன்றையும் சேர்த்துக் கேட்டுப் பார்க்கலாம். படைப்புக் கலைகள் மையத்துக்கும் ஒரு கடிதம் எழுதலாம். தமிழ் எழுத்தாளர் வருகிறார், மொழிபெயர்ப்பு எங்கள் பொறுப்பு என்று சொல்லிச் செல்கிறவர்களை அவர்கள் வாசலிலேயே திருப்பி அனுப்புவார்கள் என்று நான் எண்ணவில்லை.

தங்கள் இதழிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. அப்படி ஒரு வாசிப்பு ஏற்பாடானால், வாசிக்கவிருக்கும் நான்கு பக்கங்களையும் முந்தின வாரமே, எழுத்தாளரின் இசைவுடன், மொழிபெயர்ப்போடு சேர்த்துத் தங்கள் இதழில் வெளியிட இடம் ஒதுக்க இயலுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன். ஆங்கில மொழிபெயர்ப்பைச் சரிபார்க்கவும், ரோமன் எழுத்தில் பெயர்த்துத் தரவும் எங்கள் ஞாயிற்றுக்கிழமை வகுப்பின் ஆசிரியர்கள் இருவரும் நானும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இங்ஙனம்,
ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர்,
சாட்ஸ்வொர்த், டர்பன்