தவளைத் தோலையும் கவனியுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம். ஆன்டிபயாட்டிக்குகளுக்குக் கிருமிகள் அடங்க மறுப்பதைப் பற்றி எழுதும்போது தவளையையும் கொஞ்சம் சேர்த்து எழுதுங்கள். 1987இல் அமெரிக்க ஆய்வாளர் மைக்கேல் சாஸ்லாஃப், அறுவை செய்து தையல் போட்ட ஆப்பிரிக்கத் தவளைகளை அழுக்குத் தொட்டித் தண்ணீரில் விட்ட பிறகும் புண்ணில் சீழ் பிடிக்காததைக் கவனித்துத்தான், அவற்றின் தோலிலிருந்து மகைனின் என்ற பெப்டைடை (சிறு புரதத் துண்டை)ப் பிரித்தெடுத்தார். நேர்மின்னூட்டம் கொண்ட இது, எதிர்மின்னூட்டமுள்ள பாக்டீரியாச் சவ்வில் ஒட்டி ஓட்டை போட்டுவிடும். பல புற்றுநோய்ச் செல்களின் மேற்பரப்பிலும் எதிர்மின்னூட்டம் கூடுதலாக இருப்பதால் ஆய்வகத்தில் அவற்றையும் தாக்குகிறது. சரி, இதிலிருந்து வந்த பெக்சிகனான் களிம்புக்கு 1999இல் அமெரிக்காவில் அனுமதி கிடைக்கவில்லை. அதற்காக விட்டுவிடலாமா? கேரளத் தவளையிலிருந்து சில வகை ஃப்ளூ வைரஸை அழிக்கும் உருமின் என்ற பெப்டைட் 2017இல் வெளிவந்ததே! இப்படிப்பட்ட தவளைகள் வாழும் மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளை மண் போட்டு மூடுவதைத்தான் முதலில் நிறுத்த வேண்டும்.